‘டேப்பை ஒரு நம்பர் ஏத்தச் சொல்லுங்க’: கடற்கரை ஊர்களின் வோல்டேஜ் கணக்கு

பாம்பன் பக்கம் ஐஸ் பிளான்ட் நடத்தும் அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். மாலை ஆறரை, ஏழு மணி வாக்கில் அவருடைய அம்மோனியா கம்ப்ரஸர் மோட்டார் முனக ஆரம்பிக்கும். பேனலில் வோல்ட் மீட்டர் முள் இறங்கியிருக்கும். உடனே எனக்குப் போன் வரும். “தம்பி, சப்ஸ்டேஷன்ல யாரையாவது தெரியுமா? டேப்பை ஒரு நம்பர் ஏத்தச் சொல்லுங்க, எல்லாம் சரியாயிரும்.”

டிரான்ஸ்பார்மர் பழுதுபார்க்கும் இடத்தில் சில வருடம் வேலை பார்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு செல்வாக்கு எதுவும் கிடையாது. ஆனாலும் அந்தக் கோரிக்கை எனக்குப் பிடித்திருந்தது. லோ வோல்டேஜ் என்றால் பொத்தாம் பொதுவாக ஈ.பி.யைத் திட்டுகிறவர்களே அதிகம். இவர் டேப் என்ற ஒன்று இருக்கிறது என்பதையும், அதை ஏற்றினால் வோல்டேஜ் ஏறும் என்பதையும் தெரிந்து வைத்திருக்கிறார். அவர் சொன்னது பாதி சரி. மிச்சப் பாதி எங்கே சிக்கலாகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

டேப் என்றால் என்னவென்று பார்க்கச் சப்ஸ்டேஷன் வரை போக வேண்டியதில்லை. வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டிய ஸ்டெபிலைசர் போதும். அதன் உள்ளே ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர். அதன் சுருளில் நடுநடுவே சில இடங்களில் கம்பியை வெளியே இழுத்து விட்டிருப்பார்கள். அப்படி இழுத்த முனைகள்தான் டேப். வோல்டேஜ் இறங்கினால் ஒரு ரிலே ‘டக்’ என்று ஒரு முனையை விட்டுவிட்டு அடுத்த முனையைப் பிடிக்கும். அந்தச் சத்தத்தை இந்தக் கடற்கரையில் கேட்காத வீடு குறைவு. ரிலே பழைய முனையை விட்டுப் புதிய முனையைத் தொடுவதற்குள் ஒரு கண்ணிமைப்பு நேரம் மின்சாரம் அறுந்துபோகும். ஒரு ஃபிரிட்ஜுக்கு அது பெரிய விஷயமில்லை. பத்து ஊருக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மரில் அப்படி அறுக்க முடியாது. டேப் மாற்றி என்ற இயந்திரத்தின் அத்தனை சாமர்த்தியமும் இந்த ஒரு சங்கடத்திலிருந்து பிறந்ததுதான்.

முதலில் சுற்றுக் கணக்கு. டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜ் என்பது எத்தனை சுற்று என்பதைப் பொறுத்தது. மூன்று பேஸ் நுணுக்கங்களை ஓரமாக வைத்துவிட்டு, எளிய எண்ணாக எடுத்துக்கொள்வோம். 110 கிலோவோல்ட் வரும் பக்கம் 800 சுற்று, 11 கிலோவோல்ட் போகும் பக்கம் 80 சுற்று. ஒரு சுற்றுக்கு 137.5 வோல்ட். இப்போது மேலிருந்து வரும் வோல்டேஜ் 5 விழுக்காடு குறைந்து 104.5 கிலோவோல்ட் ஆகிவிட்டது. அப்படியே விட்டால் போகும் பக்கமும் 5 விழுக்காடு குறைந்து 10.45 ஆகும். ஆனால் வரும் பக்கத்தில் 40 சுற்றைக் கழித்து 760 ஆக்கிவிட்டால்? 104.5 கிலோவோல்ட்டை 760-ஆல் வகுத்துப் பாருங்கள். மறுபடி ஒரு சுற்றுக்கு 137.5 வோல்ட். போகும் பக்கம் திரும்பவும் 11 கிலோவோல்ட்.

இதில் முதலில் கேட்பவர்களுக்குக் கொஞ்சம் தடுமாற்றம் வரும். வோல்டேஜை ஏற்ற, சுற்றைக் குறைக்கிறோமே? ஆமாம், குறைப்பது வரும் பக்கத்தில். அதே வோல்டேஜைக் குறைந்த சுற்றுகள் பங்கு போட்டுக்கொள்வதால் ஒவ்வொரு சுற்றின் பங்கும் கூடுகிறது. நம் ஊர் சப்ஸ்டேஷன்களில் பரவலாகக் காணும் ஏற்பாடு, கூட்டல் 5 விழுக்காட்டிலிருந்து கழித்தல் 15 விழுக்காடு வரை, ஒரு படிக்கு 1.25 விழுக்காடாக, மொத்தம் 17 நிலைகள். ஒன்றாம் எண்ணில் சுற்று அதிகம், பதினேழில் குறைவு, ஐந்தாம் எண் நடுநிலை. அதனால்தான் ‘நம்பரை ஏத்து’ என்றால் வோல்டேஜை ஏற்று என்று பொருள்.

ஒரு நம்பர் ஏற்றினால் நம் வீட்டில் எவ்வளவு கூடும்? தெரு டிரான்ஸ்பார்மர் சுமை இல்லாதபோது 433 வோல்ட் தரும்படி செய்யப்பட்டது. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அது 250 வோல்ட். அதில் 1.25 விழுக்காடு என்பது ஏறக்குறைய 3 வோல்ட். அண்ணன் கேட்டது அந்த 3 வோல்ட்டைத்தான்.

டேப்பை எதற்கு உயர் அழுத்தப் பக்கத்தில் வைக்கிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. 16 எம்.வி.ஏ. திறனுள்ள டிரான்ஸ்பார்மரில் 110 கிலோவோல்ட் பக்கம் ஓடும் கரண்ட் முழுச் சுமையில் 84 ஆம்பியர். 11 கிலோவோல்ட் பக்கம் 840 ஆம்பியர். மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டிய தொடுமுனை எந்தப் பக்கம் இருந்தால் நல்லது என்று சொல்லத் தேவையில்லை. தவிர, அங்கே சுற்றுகளும் அதிகம் என்பதால் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிக்கவும் வசதி.

சரி, இனி அந்தச் சங்கடத்துக்கு வருவோம். 84 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு முனையை விட்டால் அங்கே தீப்பொறி கிளம்பும். விடாமலே அடுத்த முனையையும் பிடித்தால், இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள பத்துச் சுற்றுகள் ஷார்ட் ஆகி, அந்தச் சுருளே வெந்துபோகும். விடவும் கூடாது, இரண்டையும் பிடிக்கவும் கூடாது. ‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்’ என்று நாம் ஏளனமாகச் சொல்வோமே, அந்த நிலையில்தான் இந்த இயந்திரம் ஒவ்வொரு முறையும் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே அதிக நேரம் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் தீர்வு.

இதை 1920களில் ஒழுங்குபடுத்திக் கொடுத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த பெர்னார்ட் யான்சன் என்ற பொறியாளர். இன்று வரை உலகில் பெரும்பாலான டேப் மாற்றிகள் அவர் வகுத்த வழியில்தான் நடக்கின்றன. வேலையை இரண்டாகப் பிரித்தார். டேப்பைத் தேர்ந்தெடுப்பது ஒரு பகுதி, கரண்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளிவிடுவது இன்னொரு பகுதி. தேர்வுப் பகுதியில் இரண்டு கைகள். ஒன்று ஒற்றைப்படை எண்களைத் தொடும், மற்றொன்று இரட்டைப்படை எண்களைத் தொடும். இப்போது ஐந்தாம் டேப்பில் கரண்ட் ஓடுகிறது என்றால், வேலையில்லாமல் இருக்கும் இரட்டைக் கை முன்கூட்டியே நகர்ந்து ஆறாம் டேப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதில் கரண்ட் இல்லாததால் தீப்பொறிக்கு வழியில்லை.

அப்புறம்தான் விறுவிறுப்பான பகுதி. தள்ளிவிடும் சுவிட்ச் முதலில் ஐந்தின் நேர்த் தொடர்பை விட்டு, ஒரு ரெசிஸ்டர் வழியாக ஐந்தைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்து, இன்னொரு ரெசிஸ்டர் வழியாக ஆறையும் பிடிக்கிறது. இந்தக் கணத்தில் இரண்டு கால்களும் இரண்டு இடத்தில். ஆனால் நடுவே ரெசிஸ்டர்கள் இருப்பதால் சுழலும் கரண்ட் கட்டுக்குள் நிற்கிறது. பிறகு ஐந்தை விட்டுவிட்டு, கடைசியாக ஆறின் நேர்த் தொடர்பைப் பிடித்துக்கொள்கிறது. இவ்வளவும் நடந்து முடிய 40 முதல் 60 மில்லி நொடி. நம் மின்சாரம் ஒரு நொடிக்கு 50 முறை அலைபாய்வதால், இரண்டு மூன்று அலைகளுக்குள் கதை முடிந்துவிடுகிறது. வீட்டில் பல்பு சிமிட்டுவதுகூட இல்லை.

அந்த ரெசிஸ்டர்கள் இந்தச் சில மில்லி நொடிகளுக்கு மட்டுமே தாங்கும்படி செய்யப்பட்டவை. நடுவழியில் சுவிட்ச் நின்றுவிட்டால் அவை எரியும், எண்ணெய் கொதிக்கும், டிரான்ஸ்பார்மரே போய்விடலாம். மோட்டாரை நம்பி இந்த வேலையைக் கொடுக்க முடியாது, ஏனென்றால் மோட்டாருக்கு வரும் கரண்ட் எந்த நேரத்திலும் போகும். அதனால் மோட்டார் செய்வது ஒரு ஸ்பிரிங்கை முறுக்கி ஏற்றுவதை மட்டும்தான். சில நொடிகள் முறுக்குகிறது. முறுக்கு முழுதானதும் ஸ்பிரிங் தானாக விடுபட்டு, ஒரே அடியில் மாற்றத்தை முடிக்கிறது. இடையில் ஊரே இருண்டாலும் ஸ்பிரிங் தன் வேலையை முடித்துவிடும். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றால் முதலில் மோட்டாரின் முனகல், பிறகு உள்ளே யாரோ சுத்தியலால் ஒரே தட்டுத் தட்டியதுபோல் ‘டொக்’. அந்த டொக்கில் எனக்கு ஒரு மயக்கம் உண்டு. எத்தனை முறை கேட்டாலும் அலுப்பதில்லை.

தள்ளிவிடும் சுவிட்ச் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தீப்பொறி விடத்தான் செய்யும். அதனால் சுற்றியுள்ள எண்ணெய் கரி பிடித்துக் கறுக்கும். அந்த எண்ணெய் பிரதானத் தொட்டிக்குள் கலக்கக் கூடாது என்பதால் தனி அறை, தனி எண்ணெய், மேலே கன்சர்வேட்டர் என்ற தனி எண்ணெய்த் தொட்டி, தனிப் பிரீதர். நம் கடற்கரையில் கவலை இங்கேதான் கூடுகிறது. பிரீதர் என்பது டிரான்ஸ்பார்மர் மூச்சு விடும் குழாய். பகல் சூட்டில் எண்ணெய் விரிந்து காற்றை வெளியே தள்ளும், இரவில் சுருங்கி உள்ளே இழுக்கும். இழுக்கும் காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ள சிலிக்கா ஜெல் போட்டிருப்பார்கள். காய்ந்திருந்தால் நீலம், ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பு. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் ஜலசந்தி என்று இரண்டு கடலுக்கு நடுவே நாக்கு நீட்டியிருக்கும் மண்டபம் பகுதியில் இந்தக் காற்று எப்படி இருக்கும் என்பதை ஜன்னல் கம்பிகளே சொல்லும். உள்நாட்டில் மாதக்கணக்கில் நீலமாக இருக்கும் ஜெல் இங்கே சீக்கிரமே சிவந்துவிடும். கவனிக்காமல் விட்டால் ஈரம் எண்ணெய்க்குப் போகும், எண்ணெயின் மின்தாங்கும் திறன் இறங்கும். வெளியே இன்சுலேட்டர்களில் உப்புப் படிவது இன்னொரு தொல்லை. மிகக் கடும் மாசு உள்ள இடங்களில் ஒரு கிலோவோல்ட்டுக்கு 31 மில்லிமீட்டர் ஊர்வு நீளம் (இன்சுலேட்டரின் மேற்பரப்பு வழியே அளக்கும் தூரம்) இருக்க வேண்டும் என்ற கணக்கில்தான் இன்சுலேட்டர் தேர்ந்தெடுப்பார்கள். அது தனிக் கதை.

டேப் மாற்றிகள் டிரான்ஸ்பார்மருக்குள் அசையும் ஒரே முக்கிய உறுப்பு. ஆகவே பழுதிலும் முன்னால் நிற்கும். சிக்ரே என்ற சர்வதேச மின் பொறியாளர் அமைப்பு 1983-இல் வெளியிட்ட ஆய்வில், டேப் மாற்றி பொருத்திய சப்ஸ்டேஷன் டிரான்ஸ்பார்மர்களின் பழுதுகளில் சுமார் 40 விழுக்காடு டேப் மாற்றியால் வந்தவை என்று கண்டார்கள். 2000-க்குப் பிறகு வந்த வெற்றிடக் குப்பி வகையில் தீப்பொறி எண்ணெய்க்குள் வராது. அவற்றில் சில 3 லட்சம் முறை வரை திறந்து பார்க்காமலே ஓடும் என்கிறார்கள். இன்னொரு வேடிக்கை, அதிகம் ஓடினால் தேய்வதுபோல, ஓடாமலே இருந்தாலும் கெடும். வருடக்கணக்கில் ஒரே நம்பரில் நிற்கும் தொடுமுனையில் ஒரு கறுப்புப் படலம் கட்டி, சூடாகி, மேலும் கறுக்கும். அதனால் பராமரிப்பு நாளில் ஒன்றிலிருந்து பதினேழு வரை ஒருமுறை ஓட்டித் திரும்புவது நல்ல பழக்கம்.

எப்போது மாற்ற வேண்டும் என்று முடிவெடுப்பது, டேப் மாற்றியைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆர்.டி.சி.சி. பேனல். கண்ட்ரோல் ரூமில் பச்சை எழுத்தில் டேப் நம்பர் ஒளிரும் பெட்டி. அதற்குள் இருக்கும் ரிலே, போகும் பக்கத்து வோல்டேஜை 110 வோல்ட் அளவுக்குச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்கு ஒரு சகிப்பு எல்லை கொடுத்திருப்பார்கள். அந்த எல்லை ஒரு டேப் படியைவிட அகலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு படி ஏற்றினால் மேல் எல்லை தாண்டும், இறக்கினால் கீழ் எல்லை தாண்டும். விடிய விடிய ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதோடு ஒரு காத்திருப்பு நேரமும் உண்டு, அரை நிமிடம், ஒரு நிமிடம், சில இடங்களில் இரண்டு. ஐஸ் பிளான்ட் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது சில நொடி வோல்டேஜ் தொய்யும். அதற்கெல்லாம் டேப்பை மாற்றக் கூடாது. மேலே 230 கிலோவோல்ட் நிலையத்திலும் டேப் மாற்றி உண்டு. மேலே உள்ளது முதலில் முயலட்டும் என்று கீழே உள்ளதற்குக் காத்திருப்பைக் கூட்டி வைப்பார்கள். லைனில் ஷார்ட் சர்க்யூட் ஓடிக்கொண்டிருக்கும்போதும், வோல்டேஜ் அடியோடு இல்லாதபோதும் மாற்றாதே என்று தடைகளும் உண்டு. கரண்ட் போன நேரத்தில் ‘வோல்டேஜ் இல்லையே’ என்று ரிலே பதினேழாம் நம்பர் வரை ஏற்றி வைத்துவிட்டால், கரண்ட் திரும்பி வரும்போது அத்தனை வீட்டு டி.வி.யும் புகையும்.

ஆட்டோவில் போடாமல் மேனுவலில் வைத்து, சாயங்காலம் ஏற்றி, ராத்திரி பத்து மணிக்கு மேல் இறக்கி ஓட்டும் பழக்கமும் உண்டு. அனுபவமுள்ள ஆபரேட்டராக இருந்தால் ஊரின் நாடி அவர் கையில் இருக்கும். ஆடி அமாவாசைக்கு ராமேசுவரத்தில் லாட்ஜ் எல்லாம் நிறைந்து ஏ.சி. ஓடும் என்பது அவருக்கு ரிலேவுக்கு முன்பே தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஐஸ் பிளான்ட்கள் மந்தமாகும் என்பதும் தெரியும். ஆனால் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஊருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் இருக்கிறது. என் கட்சி ஆட்டோதான்.

இவ்வளவு நன்றாக இந்த இயந்திரம் வேலை செய்தும் அண்ணனுக்கு ஏன் வோல்டேஜ் வரவில்லை? டேப் மாற்றி காப்பாற்றுவது ஒரே ஓர் இடத்தைத்தான். சப்ஸ்டேஷனின் 11 கிலோவோல்ட் பஸ், அதாவது ஊர்களுக்குப் போகும் கம்பிகள் எல்லாம் கிளம்பும் பொதுக் கடத்தி. அங்கிருந்து கம்பி ஏறி வெளியே போனபின் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது.

ஒரு கணக்குப் போடுவோம். சப்ஸ்டேஷனிலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி, ஃபீடர் என்று சொல்லும் அந்தக் கம்பி வழியின் வால்முனையில் 100 ஆம்பியர் சுமை. கம்பி, நம் பக்கம் பரவலாகக் காணும் ‘ராபிட்’ வகை அலுமினியக் கம்பி. அதன் மின்தடை கிலோமீட்டருக்கு சுமார் 0.54 ஓம். மோட்டார் சுமை என்பதால் பவர் ஃபாக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையான வேலைக்குப் போகும் பங்கு) 0.85 என்று வைத்தால், வழியில் இழக்கும் வோல்டேஜ் ஏறக்குறைய 1,690. பதினோராயிரத்தில் 15 விழுக்காடு. புறப்பட்டது 11 கிலோவோல்ட், போய்ச் சேர்வது 9.3. தெரு டிரான்ஸ்பார்மர் அதைப் பிரித்துத் தரும்போது 250-க்குப் பதில் 211 வோல்ட். அதற்கப்புறம் டிரான்ஸ்பார்மருக்குள்ளும் தெருக் கம்பியிலும் இன்னும் கொஞ்சம் போகும்.

இப்போது அண்ணன் சொன்னபடி டேப்பை ஏற்றுவோம். ஒரு நம்பர் அல்ல, தாராளமாக நான்கு நம்பர். பஸ் 11.55 ஆகிறது. வால்முனையில் 9.86 கிலோவோல்ட், வீட்டில் 224 வோல்ட். ஆனால் சப்ஸ்டேஷன் வாசலில் இருக்கும் வீட்டுக்கு என்ன ஆகிறது? 262 வோல்ட். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் தாழ்வழுத்தத்தில் 6 விழுக்காடு வரைதான் விலகலாம் என்றன. 240-க்கு அது ஏறக்குறைய 226 முதல் 254 வரை. ஆக நான்கு நம்பர் ஏற்றியும் வாலில் இருப்பவர் எல்லைக்குள் வரவில்லை, தலையில் இருப்பவர் எல்லையைத் தாண்டிவிட்டார். ராத்திரி பதினோரு மணிக்கு ஐஸ் பிளான்ட் நின்று சுமை இறங்கினால் வாலிலும் 260-ஐத் தொடும். பழைய குண்டு பல்பு மட்டும் இருந்த காலமென்றால் பல்பு பீஸ் போவதோடு முடிந்திருக்கும்.

என் கணக்கில் சுமை முழுவதையும் கடைசியில் வைத்தேன். நிஜத்தில் அது வழியெல்லாம் பரவியிருக்கும், இழப்பும் குறையும். ஆனால் இந்தக் கடற்கரையின் அமைப்பு என் கணக்குக்குத்தான் நெருக்கம். நெல் விளையும் உள்நாட்டு ஊர்களில் சுமை வழியெங்கும் சிதறிக் கிடக்கும். இங்கே சாலை முழுக்கப் பனையும் உடைமரமும் உப்பு மண்ணும், கடைசியில் கடல் வரும் இடத்தில்தான் ஜெட்டி, ஐஸ் பிளான்ட், இறால் பண்ணையின் காற்றேற்றிகள், லாட்ஜ். தொண்டியானாலும் மூக்கையூரானாலும் இதே கதை. கனமான சுமை கம்பியின் நுனியில் தொங்குகிறது. தூண்டில் கழியின் நுனியில் மீன் மாட்டினால் கழி எங்கே வளையும்?

மோட்டாருக்கு இது இரட்டை அடி. மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப இறங்கும். வோல்டேஜ் 80 விழுக்காடானால் முறுக்குவிசை 64 விழுக்காடு. கம்ப்ரஸர் கேட்கும் வேலை குறையாததால் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், காயில் சூடாகும். அதிக ஆம்பியர் இழுப்பதால் ஃபீடரில் இழப்பும் கூடும், வோல்டேஜ் இன்னும் இறங்கும். சுமை தன் காலைத் தானே வாரிவிட்டுக்கொள்கிற வட்டம் இது.

தெற்கு மாவட்டங்களில் பல இடங்களில் 11-க்குப் பதில் 22 கிலோவோல்ட்டில் ஃபீடர் ஓடுவதற்குக் காரணம் இதே கணக்கு. அதே சுமையை 22-இல் அனுப்பினால் ஆம்பியர் பாதி, வோல்டேஜ் இழப்பும் பாதி, அந்தப் பாதி இரண்டு மடங்கு பெரிய எண்ணில் கழிகிறது. ஆக விழுக்காடு கால்பங்கு. மேலே 15 என்று வந்தது 4-க்குள் அடங்கிவிடும். எந்த டேப் மாற்றியாலும் இந்த உதவியைச் செய்ய முடியாது.

ஃபீடரின் தொய்வை ஈடுகட்ட ரிலேவுக்கே ஒரு தந்திரம் சொல்லித் தரலாம். போகும் ஆம்பியரைப் பார்த்து, வாலில் எவ்வளவு இழக்கும் என்று தானே கணக்கிட்டு, சுமை ஏறும்போது பஸ் வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டி வைக்கும். சுமை இறங்கினால் தானாக இறக்கிவிடும். நல்ல யோசனைதான். ஆனால் ஒரே பஸ்ஸிலிருந்து ஐந்தாறு ஃபீடர் கிளம்பும். ஒன்று கடலுக்கு, ஒன்று பஜாருக்கு, ஒன்று பம்ப்செட்டுகளுக்கு. யாருடைய வாலுக்காக ஏற்றுவது? அமெரிக்காவில் நீண்ட கிராமத்து ஃபீடர்களில் வழியிலேயே தூணில் ஒரு ரெகுலேட்டரை மாட்டிவிடுகிறார்கள். 32 படிகளில் கூட்டல் கழித்தல் 10 விழுக்காடு திருத்தும் தனி டேப் மாற்றி அது. நம் பக்கம் அந்த வழக்கம் பரவவில்லை.

வீட்டுப் பக்கத் தெரு டிரான்ஸ்பார்மரிலும் டேப் இருக்குமே என்று கேட்கலாம். பெரியவற்றில் இருக்கும், சின்னவற்றில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் அது ஓடும்போது மாற்றக்கூடிய வகை அல்ல. ஏ.பி. சுவிட்சைத் திறந்து கரண்டை அறுத்தபின்தான் லைன்மேன் அந்தக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். ரெசிஸ்டரும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. கரண்ட் இருக்கும்போது தொட்டால் அதோடு முடிந்தது. வாலில் இருக்கும் டிரான்ஸ்பார்மருக்கு மட்டும் ஒரு படி ஏற்றி வைப்பது நியாயமான வைத்தியம். ஆனால் ஒருமுறை வைத்தால் பகலிலும் இரவிலும் அதே நிலைதான்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். வழுதூரில் எரிவாயு மின் நிலையம் இருக்கிறது. கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சோலார் பண்ணை ஓடுகிறது. மாவட்டத்துக்குள்ளேயே இவ்வளவு மின்சாரம் பிறந்தும் நமக்கு ஏன் லோ வோல்டேஜ்? கமுதியில் பிறக்கும் மின்சாரம் 400 கிலோவோல்ட்டுக்கு ஏறி மாநில வலையமைப்பில் கலந்துவிடுகிறது. உங்கள் வீட்டு வோல்டேஜைத் தீர்மானிப்பது கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கம்பி. கடல் பக்கத்தில் இருந்தும் குடிக்கத் தண்ணீர் குழாயில்தான் வர வேண்டும் என்பதுபோல. வீட்டு மாடிகளில் சோலார் பெருகினால் மட்டும் கதை மாறும். அப்போது நண்பகலில் வால்முனையே மின்சாரம் அனுப்பும், வோல்டேஜ் வாலில் உயர்ந்து தலையில் தாழ்வாக இருக்கும். சுமை குறைவதைப் பார்த்து ஒன்று, கூடுவதைப் பார்த்து இன்னொன்று என்று பழகிய ரிலேவுக்கு அது தலைகீழ்ப் பாடம்.

டேப் மாற்றி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, இருப்பதைப் பங்கு போடும் விகிதத்தை மட்டும் மாற்றுகிறது. இதை மறந்தால் ஆபத்து. மேலே வலையமைப்பே திணறும்போது கீழே உள்ள டேப் மாற்றிகள் எல்லாம் தத்தம் ஊர் வோல்டேஜைக் காப்பாற்றப் படியேறினால், வோல்டேஜோடு சேர்ந்து குறைந்திருந்த சுமை முழுதாகத் திரும்பி வந்து மேலே இருக்கும் வோல்டேஜை இன்னும் கீழே இழுக்கும். 1987 ஜூலை 23 அன்று டோக்கியோவில் கடும் வெயில். மதியத்துக்கு மேல் ஏ.சி. சுமை ஏறிய வேகத்துக்கு, வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கும் கெப்பாசிட்டர்களைச் சேர்க்க முடியாமல் வோல்டேஜ் சரிந்து, சுமார் 8,000 மெகாவாட் சுமை அறுந்தது. 28 லட்சம் இணைப்புகள் இருண்டன. டேப் மாற்றி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்படிப்பட்ட சரிவுகளைப் படிக்கும் பொறியாளர்கள் ‘எந்த இடத்தில் டேப்பைப் பூட்டிவிட வேண்டும்’ என்பதையும் சேர்த்தே படிக்கிறார்கள்.

போன தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பிய வாரத்தில் அண்ணனிடம் ஒரு வேலை கொடுத்தேன். ஐஸ் பார் கணக்கு எழுதும் நோட்டிலேயே, விடியற்காலை நாலு மணி, மதியம், மாலை ஏழு, இரவு பதினொன்று என்று நான்கு நேரம் வோல்டேஜ் எழுதச் சொன்னேன். சப்ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் அவருடைய மச்சானையும் அதே நேரங்களில் எழுத வைத்தோம். பத்து நாள் கழித்து இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மச்சான் வீட்டில் நாள் முழுக்க 244-க்கும் 250-க்கும் நடுவே. அண்ணனிடம் விடியற்காலை 246, மாலை ஏழு மணிக்கு 196.

இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் டேப்பைக் கேட்கலாம். ஒன்று அசையாமல் நிற்கும்போது மற்றொன்று மட்டும் ஐம்பது வோல்ட் ஊஞ்சலாடினால், டேப் தன் வேலையைச் செய்கிறது, குறை கம்பியில் இருக்கிறது.

அண்ணன் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தார். “அப்ப நான் டேப்பை ஏத்தச் சொல்லி, அவங்களும் ஏத்தியிருந்தா, மச்சான் வீட்டு ஃபிரிட்ஜ் போயிருக்கும். அவன் தங்கச்சி என்னைய வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டா.”

மறுநாள் மனு எழுதினோம். அதில் டேப் என்ற வார்த்தை வரவில்லை. இரண்டு இடத்து ரீடிங், தேதி, நேரம், மோட்டார் குதிரைத்திறன், ஃபீடரின் பெயர். கீழே, கனமான கம்பி மாற்றவோ அல்லது இந்தப் பக்கத்துச் சுமையைத் தனி ஃபீடரில் போடவோ கோரிக்கை. மோட்டாரின் பவர் ஃபாக்டரை உயர்த்தி ஃபீடர் இழப்பைக் குறைக்க, பிளான்ட்டில் கெப்பாசிட்டர் பேங்க் ஒன்றை அவரே போட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டார். அதற்கு மட்டும் இரண்டு நாள் யோசித்தார்.